களியக்காவிளை தாண்டிப் போகும் சரக்கு

செவ்வாய், தோவாளை

திருநெல்வேலியில் நள்ளிரவு தாண்டிப் பேருந்து ஏறினால் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். முப்பந்தல் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தோவாளை. நடத்துநர் "பூ மார்க்கெட்டா?" என்று கேட்டுவிட்டு விசில் அடித்தார். அந்த நேரத்தில் வேறு எதற்கும் யாரும் அங்கே இறங்குவதில்லை போல.

அக்கா மகளுக்குச் சித்திரையில் அரங்கேற்றம். நகை செட்டுக்கு வடசேரியில் ஆர்டர் கொடுத்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேலை அரை நாளில் முடிந்துவிடும். மிச்ச நாட்களில் இந்தக் குமரி மாவட்டத்தில் கையால் செய்கிற பொருட்கள் எவையெல்லாம் இன்னும் நடக்கின்றன, எவை போய்விட்டன என்று பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதை யார் வாங்குகிறார்கள்?

தோவாளையில் அதற்குப் பதில் காதிலேயே விழுகிறது. ஏலம் தமிழில் நடக்கிறது, பாதிப்பேர் மலையாளத்தில் போன் பேசுகிறார்கள். பிச்சி, மல்லி, கொழுந்து, அரளி, கேந்தி, ரோஜா. உள்ளூர்ப் பூ கொஞ்சம்தான். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம், ஓசூர்ப் பக்கத்தில் இருந்தெல்லாம் மூட்டை வந்து இறங்குகிறது. இறங்கின வேகத்தில் வேறு வண்டியில் ஏறி, கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி திருவனந்தபுரம், கொல்லம் பக்கம் போகிறது. ஓணத்துக்கு முந்தின பத்து நாள் இங்கே யாரும் தூங்கமாட்டார்களாம். அத்தப்பூக்களம் போடுவது அவர்கள், கண் சிவப்பது இவர்களுக்கு.

நான் பார்க்க வந்தது மாணிக்கமாலை. சந்தையை ஒட்டின தெருவில் ஒரு வீட்டு நடையில் அம்மாவும் மகனும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை முழுசாகக் கோப்பதில்லை. மடித்து, நாரில் வரிசை வரிசையாக இறுக்கி, பட்டையாகக் கொண்டுபோகிறார்கள். முடிந்த மாலையில் எது பூ, எது இலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. கட்டம் கட்டமாக நிறம் மட்டும் தெரிகிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு இங்கிருந்து மாலை போன காலத்தில் மன்னர் ஒருவர் பார்த்துவிட்டு மாணிக்கம் பதித்த மாதிரி இருக்கிறது என்றாராம், அதனால் இந்தப் பெயர் என்பது ஊர்க்கதை. 2025 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

"குறியீடு வந்த பொறவு ஆர்டர் கூடிச்சா அம்மா?" என்றேன்.

"போட்டோ எடுக்க ஆளு கூடிச்சு மக்களே. மாலை கேக்குதது கல்யாண வீட்டுக்காரங்களும் கோயிலும்தான். அது முன்னமும் கேட்டாவ."

மகன் சிரிக்கவில்லை. அவர் கை நிற்கவும் இல்லை. ஒரு மாலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, அகலத்தைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்கிறேன் என்றார். இந்தத் தொழிலில் சரக்கைச் சேர்த்து வைக்க முடியாது. காலையில் கட்டியது மாலையில் வாடிவிடும். அதனாலேயே இயந்திரமும் கிட்டே வரவில்லை, கிடங்கு வைத்திருக்கிற மொத்த வியாபாரியும் வரவில்லை என்று தோன்றியது. வெயில் ஏறுவதற்குள் நாகர்கோவில் வந்து பெரியம்மா வீட்டில் தூங்கிவிட்டேன்.

புதன், வடசேரி

கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்தின் இரைச்சலில் இருந்து இரண்டு தெரு உள்ளே போனால் தட்டுகிற சத்தம் கேட்கும். கோயில் நகை என்று உலகம் முழுக்க விற்கிறதே, அதற்கு ஊர் இதுதான். நாகர்கோவில் கோயில் நகைக்குக் குறியீடு கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது.

நாங்கள் போன பட்டறை இரண்டு அறை. பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து கல் பதித்துக்கொண்டிருந்தார். அடிப்படை வெள்ளி. தகட்டை அளவுக்கு வெட்டி, கல் உட்காரும் அறைகளைக் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதன்மேல் சிவப்புக் கெம்பை வைத்து, கல்லின் ஓரம் முழுக்கத் தங்க ரேக்கை அழுத்தி அழுத்தி இறுக்குகிறார்கள். கல் பட்டை தீட்டினது இல்லை, வழவழவென்று குமிழாக இருக்கும். அதனால்தான் மேடை விளக்கில் பளிச்சென்று வெட்டாமல் உள்ளிருந்து சிவப்பு எரிகிற மாதிரித் தெரிகிறது. பழைய காலத்தில் பர்மாக் கல். இப்போது பெரும்பாலும் செயற்கைக் கல்தான், அதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

செட் என்றால் என்னென்ன என்று என் டைரியில் எழுதிக்கொண்டேன்: நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, மூக்குத்தி, புல்லாக்கு, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம். தலைக்கே இத்தனை என்றால் அந்தப் பிள்ளை ஆடுவாளா, நிற்பாளா தெரியவில்லை.

இந்த நகையின் கதையில் எனக்குப் பிடித்தது அது ஆள் மாறி ஆள் போனதுதான். முதலில் சாமிக்கு. அப்புறம் சாமி முன்னால் ஆடினவர்களுக்கு. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தெற்குத் திருவிதாங்கூர் கோயில்களில் தேவதாசி முறை 1930இல் ஒழிக்கப்பட்டது. வாங்கின கைகளில் ஒன்று அப்படியே இல்லாமல் போனது. ஆனால் அதே பத்தாண்டில் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியம் ஆட மேடையேறினார், 1936இல் அவருடைய நாட்டியப் பள்ளி கலாக்ஷேத்ரா தொடங்கியது. சபா மேடைக்கு வந்த பெண்கள் கோயில் நகையையே கேட்டார்கள். ஆட்டத்தை ஆடியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது வேறு, கசப்பான கதை. நகைக்கு மட்டும் புது வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்கள். இன்று அந்த வாடிக்கையாளர் நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்.

"பின்பக்கம் திருப்பிப் பாருங்க," என்று பெரியவர் இரண்டு நெற்றிச்சுட்டிகளைக் கையில் கொடுத்தார். ஒன்று அவர் செய்தது. இன்னொன்று கடையில் வாங்கியது, செம்பில் அச்சில் வார்த்து முலாம் பூசியது. முன்பக்கம் வைத்து என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்பக்கம் அச்சுச் சரக்கு ஒரே மட்டமாக இருந்தது. அவருடையதில் தட்டின தடம், வளையம் பற்றவைத்த இடம், எல்லாம் தெரிந்தது. கையில் வைத்தால் கனமும் வேறு.

"வாடகைக்கு எடுக்கவங்க எல்லாம் அதைத்தான் எடுக்கா. வருஷத்துக்கு ஒருநாள் ஆட்டத்துக்கு அது போதும். நான் குறை சொல்ல மாட்டேன்," என்றார். எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. ஆனால் அவருடைய மகன் வங்கியில் வேலை பார்க்கிறார், பட்டறையில் இருந்த இளைஞர்கள் இருவரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் விலையை வாரத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். அக்காவிடம் போனில் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, அப்புறம் சரி என்றாள்.

சாயங்காலம் பெரியம்மா தன் பழைய சக ஆசிரியை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வயது எண்பதுக்கு மேல். கண்ணாடி அலமாரியில் இருந்து மேசைவிரிப்பு ஒன்றை எடுத்து விரித்தார். முழுக்க முழுக்கக் கையால் பின்னின லேஸ், அவருடைய பாட்டி பின்னியது. உருண்டையான தலையணை மேல் வரைபடம் ஒட்டி, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி அதோடு இந்த லேஸ் வேலையையும் கற்றுக்கொடுத்தார். விற்பனை வெள்ளைக்கார வீடுகளுக்கு. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையில் இருந்து தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. தோள்சீலைப் போராட்டம் 1822இல் தொடங்கியது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அரச அறிவிப்பு வந்தது 1859இல். அப்படியானால் கிட்டத்தட்ட நாற்பது வருடம், எந்தப் பெண்கள் மேலே துணி போட்டால் கிழிக்கப்பட்டதோ அவர்களுடைய ஊரிலேயே பெண்கள் உட்கார்ந்து, சீமைப் பெண்களின் சட்டைக் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னியிருக்கிறார்கள். அந்த விரிப்பைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. டீச்சர், "தொடு பிள்ளே, ஒண்ணும் ஆகாது. துவைச்சு துவைச்சு உரப்பாயிட்டு," என்றார். அவருக்கு லேஸ் பின்னத் தெரியாது. "படிச்சிட்டோம்லா," என்றார், அவ்வளவுதான் காரணம். படித்தவர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். தொழில் அழிந்ததில் எனக்குச் சந்தோஷம் வந்த இடம் இது ஒன்றுதான்.

வியாழன், சுங்கான்கடை, பத்மநாபபுரம்

தக்கலைப் பேருந்தில் சுங்கான்கடையில் இறங்கும்போதே சாலை ஓரம் பானை அடுக்கியிருந்தார்கள். மாசி மாதம், ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலை நெருங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் அன்றைக்கு ஊர்த் தெருக்கள் முழுக்கச் செங்கல் அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கல் இடுவார்கள். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடினதாகக் கின்னஸில் பதிவு இருக்கிறது. அதில் எத்தனை பேர் எவர்சில்வர் கொண்டுவருகிறார்களோ, மண்பானைதான் வேண்டும் என்கிறவர்களில் நிறையப் பேருக்குப் பானை போவது இந்தத் தெருவில் இருந்து.

வைக்கோல் பிரி போட்டு லாரியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் பேசினார். அவர் கை லாரியில், கண் பானையில், வாய் மட்டும் என்னிடம்.

"தமிழ்நாட்டுப் பொங்கலுக்கு விக்காதா அண்ணே?"

"விக்கும். நம்ம ஆளு ஒரு பானை வாங்குவான், குக்கர்ல வச்சிட்டு பானையைப் படத்துக்கு முன்னால வைப்பான். அவங்க நேர்ச்சையாக்கும். மண்பானைன்னா மண்பானைதான்."

மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் உண்டு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சரக்கு அந்த எல்லையை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பூ மேற்கே போகிறது, பானை மேற்கே போகிறது. வாங்குகிறவருக்கு ஒரு வேண்டுதல், ஒரு தேதி இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் திகிரி, அதாவது பானை வனையும் சக்கரம், சுற்றும்.

திகிரி சுற்றுவதையும் பார்த்தேன். எல்லாம் மோட்டார்தான். கையால் கோல் வைத்துச் சுற்றும் பழைய சக்கரம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மண்தான் பெரிய தலைவலி. குளத்தில் மண் எடுக்க அனுமதி வேண்டும், அதற்கு அலையவேண்டும், அனுமதி வருகிற நேரத்தில் குளத்தில் தண்ணீர் வந்துவிடும். இதை மூன்று வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரிப் பானை இருந்தது. வில்லுப்பாட்டுக் குடம். வில்லுப்பாட்டில் வில்லின் நடுவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடக்காரர் ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த பத்தியால் வாயில் அடிப்பார், மறு கையில் நாணயத்தால் குடத்தைத் தட்டுவார். புலவர் வீசுகோலால் நாணை அடிக்க, மணிகள் குலுங்க, குடத்தின் 'தும்' அதற்கு அடியில் ஓடவேண்டும். சூளையில் இருந்து எடுத்ததும் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் அதைத் தண்ணீர்ப் பானையாக விற்றுவிடுவார்களாம். பங்குனியில் கோயில் கொடைத் திருவிழாக்கள் ஆரம்பித்தால் இதைக் கேட்டு வருவார்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் வருகிற ஆள் பானையைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார், அவருக்குக் கொடுப்பதில் ஒரு பயம் இருக்கிறது என்றார் பானை வனையும் வேளார். எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது பயம் இல்லை, பெருமை.

மத்தியானம் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் தொல்லியல் துறையிடம் டிக்கெட் எடுக்கவேண்டும். பிரிவினையில் நிலம் இங்கே, அரண்மனை நிர்வாகம் அங்கே என்று ஆகிவிட்டது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனதும் இந்த இடம் அப்படியே நின்றுவிட்டது. நின்றதால்தான் தப்பித்தது.

இங்கே பார்க்கவேண்டியது ராஜா இல்லை, தச்சர். வாசல் மண்டபமான பூமுகத்துக் கூரையில் மரத்தில் 90 பூ செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல ஒன்று இல்லை. கழுத்து வலிக்கப் பார்த்து இருபது வரை ஒப்பிட்டேன், அதுவரைக்கும் உண்மைதான். தாய்க்கொட்டாரம் என்ற பகுதி 1550இல் கட்டியது என்கிறார்கள், அதில் ஒற்றைப் பலா மரத்தில் இழைத்த தூண் நிற்கிறது. பலா மரத்தில் வேலை செய்கிற ஆசாரி எவரிடமாவது கேளுங்கள், அந்த நீளத்தில் கோணாத மரம் கிடைப்பதே பெரிய காரியம்.

தரைதான் எனக்குப் புதிர். கறுப்பாக, முகம் தெரிகிற அளவு பளபளவென்று இருக்கிறது. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு, பச்சிலைச் சாறு என்று வழிகாட்டி வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இன்று அதே பளபளப்பு வரவில்லை என்கிறார்கள். பொருட்பட்டியல் மிஞ்சியிருக்கிறது. எவ்வளவு நேரம், எதைக் கொண்டு தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பது தேய்த்தவர்களோடு போயிற்று. சமையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அங்கிருந்து மேற்கே முளகுமூடு வரைக்கும் போகலாம் என்று நினைத்துப் போகவில்லை. 1897இல் பெல்ஜியத்தில் இருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரி அங்கேதான் தன் பணியைத் தொடங்கினார். அங்கேயும் ஒரு காலத்தில் லேஸ், தையல் எல்லாம் இருந்தது. கால் வலி, வெயில். இன்னொரு முறை பார்க்கலாம்.

வெள்ளி, கடற்கரை

ஈத்தாமொழி. நெட்டைத் தென்னைக்கு 2008இலேயே குறியீடு வாங்கிய ஊர். காய் பெரிது, கதம்பையில், அதாவது தேங்காய் உரிமட்டையில், தும்பு (நார்) நீளம். கதம்பையைக் காயல் தண்ணீரில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஊறப்போட்டு, அழுகின வாடையோடு அள்ளி, தடியால் அடித்துத் தும்பு எடுத்து, ராட்டில் கயிறு திரிப்பது பழைய முறை. இப்போது பச்சைக் கதம்பையை இயந்திரத்தில் போட்டு உடனே தும்பாக்கிவிடுகிறார்கள். அதில் வருவது கொஞ்சம் முரடு. ஆனால் முழங்கால் அளவு நாற்றத் தண்ணீரில் நின்று தும்பு அடித்த பெண்களின் கையையும் காலையும் பார்த்தவர்கள் பழைய கயிறு நல்ல கயிறு என்று சுலபமாகச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கயிற்றால் நடந்த ஒரு விஷயத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அந்தக் காலத்து எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். மணலின் ஊரைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை வைத்தார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மணல் ஆலை மட்டும் இன்று வரைக்கும் இருக்கிறது, இப்போது மத்திய அரசு நிறுவனம். கயிறு திரித்த பெண்கள் உதறாமல் விட்ட மணல்தான் அத்தனைக்கும் ஆரம்பம்.

மண்டைக்காட்டைத் தாண்டும்போது பேருந்து நகரவில்லை. மாசிக்கொடைக்குப் பந்தல் போடுகிறார்கள். கேரளப் பதிவெண் வண்டிகள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன.

முட்டத்தில் கட்டுமரம் தேடினேன். கரையில் வரிசையாகக் கிடந்தது அத்தனையும் ஃபைபர். ஒரு தாத்தா வலை முடைந்துகொண்டிருந்தார், "மரம் எங்க இருக்கு, கட்ட?" என்று திருப்பிக் கேட்டார். மலையில் இருந்து வந்த லேசான பெருமரத் தடிகள் கிடைப்பது குறைந்து, விலை எட்டாத உயரத்துக்குப் போனது 1970களிலேயே. 1980களின் தொடக்கத்தில் பியர் கில்லட் என்ற பெல்ஜியக்காரர் இந்தக் கரையில் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையில் படகு செய்து பார்த்தார். மோட்டாரும் கூடவே வந்தது. அப்புறம் ஃபைபர் வந்து ஒட்டுப்பலகையையும் ஓரம் கட்டியது. ஒரு ஆள் வயதுக்குள் மூன்று வகைப் படகு. கட்டுமரத்தில் போவது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நனையும்," என்றார். நான் இன்னும் கொஞ்சம் கவித்துவமாக எதிர்பார்த்தேன் போல.

சனி, மயிலாடி, குமரி முனை

மயிலாடியில் பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் தூசி, பிறகு சத்தம், அப்புறம்தான் சிலை. சாலையின் இரண்டு பக்கமும் பாதி முடிந்த விநாயகர்கள், கால் மட்டும் வந்த நந்தி, முகம் இன்னும் வராத அம்மன். சுசீந்திரம் கோயில் வேலைக்கு வந்தவர்களின் வழி நாங்கள் என்று இங்கே சொல்கிறார்கள். 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே கட்டின தேவாலயமும் இந்த ஊரில்தான். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

கல்லைத் தட்டிப் பார்ப்பதை ஸ்தபதி ஒருவர் செய்து காட்டினார். மணி போல நீளமாக ஒலித்தால் ஆண் கல், ஆண் தெய்வத்துக்கு. ஒலி மென்மையாக வந்தால் பெண் கல். ஒலியே இல்லாதது பீடத்துக்கும் தளத்துக்கும். மூன்றையும் என் காதால் கேட்டேன், முதலாவதும் கடைசியும் எனக்கே தெரிந்தது. நடுவில் உள்ளதற்குக் காது பழகவேண்டும்.

இப்போது உருவம் வெட்டுவது வரைக்கும் கட்டர். பெரிய வேலை சீக்கிரம் முடிகிறது, அதற்கு விலை நெஞ்சுக்குள் போகிற கல்தூசி. உளியால் உடைத்த காலத்தில் சில்லு பறக்கும். இயந்திரம் அறுக்கும்போது வருவது மாவு, அது நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். முகமூடி ஒன்றிரண்டு பேரிடம்தான் பார்த்தேன், அதுவும் தாடைக்குக் கீழே. மயிலாடிக் கல் சிற்பத்துக்கும் குறியீடு உண்டு. குறியீட்டுக்குச் செலவழித்த காசில் கொஞ்சம் நல்ல முகமூடிக்குப் போயிருக்கலாம்.

இங்கே முழுசாகப் போய்விட்ட சரக்கு எது என்று கேட்டால் அம்மியும் ஆட்டுரலும் என்று யாரும் யோசிக்காமல் சொல்கிறார்கள். மிக்ஸி, கிரைண்டர் வந்ததும் அது முடிந்தது. சாமி சிலைக்கு அந்தக் கவலை இல்லை. கேரளத்துக் கோயில் ஒன்றுக்குப் போகவேண்டிய நாகர் சிலைகள் சாக்கில் சுற்றிக் கட்டிக் கிடந்தன. மறுபடியும் மேற்கு.

கன்னியாகுமரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2000 ஜனவரி 1இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையைக் கண்ணாடிப் பாலத்தில் நின்று பார்த்தேன், கணபதி ஸ்தபதியின் வேலை, எத்தனை முறை பார்த்தாலும் இடுப்பு வளைவு ஆச்சரியம்தான். கரையில் சங்குக் கடைகள். பெயர் செதுக்கித் தருகிற சங்கு, சிப்பிப் பிள்ளையார், ஏழு நிற மணல் பாக்கெட். சங்கில் கணிசமான அளவு வெளிக் கடற்கரைகளில் இருந்து வருவது, வனவிலங்குச் சட்டம் தடை செய்த இனங்களும் கண்ணில் பட்டன. நான் எதுவும் வாங்கவில்லை.

ஞாயிறு, மார்த்தாண்டம்

கடைசியாக மேற்கு எல்லை. காலை வெயிலுக்கு முன்னால் அக்கானி குடித்தேன். வெளியூரில் பதநீர் என்று கேட்கிறோமே, அதேதான். ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால் புளிக்காமல் இருக்கிறது, அதன் வாசம் முதல் வாயில் தெரியும். ரோட்டோரம் விற்றவர் பனையேறி இல்லை. பனையேறுகிறவர் வயது அறுபத்தைந்து, அவருக்குப் பிறகு இந்த விளையில் ஏற ஆள் இல்லை என்றார்.

பக்கத்தில் விடிலி இருந்தது. ஓலை வேய்ந்த சிறு குடில், உள்ளே அக்கானி காய்ச்சும் அடுப்பு. பனையேறியின் மனைவி கிண்டிக்கொண்டே இருந்தார். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பதம் எது என்று கேட்டேன். அகப்பையைத் தூக்கிக் காட்டி, பாகு விழுகிற விதத்தைப் பார் என்றார். பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கடைகளில் கிடைக்கும் பாதிக் கருப்பட்டியில் சீனி கலப்பு. அவர் உடைத்துக் காட்டினார்: நல்லது உள்ளே மங்கலாக இருக்கும், சீனி போட்டது மினுங்கும். அவருடைய கருப்பட்டி இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். வாங்க ஆள் இல்லை என்பது இங்கே பிரச்சினையே இல்லை. நான் இந்தப் பயணம் முழுக்க வாங்குகிறவரையே தேடிக்கொண்டிருந்தேன். இங்கே வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், மரத்தில் ஏறத்தான் ஆள் இல்லை. விழுந்தால் முதுகெலும்பு. பிள்ளைகளை ஏறச்சொல்ல எந்தத் தகப்பனுக்கும் மனசு வராது. 1977இல் இருந்து மார்த்தாண்டத்தில் பனைத் தொழிலாளர் மேம்பாட்டுக்காக ஒரு சங்கம் இயங்குகிறது, அவர்களாலும் மரத்தின் உயரத்தைக் குறைக்க முடியாது.

தேன் கதை இதற்கு நேர் எதிர். மார்த்தாண்டம் தேன் பரம்பரைத் தொழில் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: பெட்டியில் தேனீ வளர்க்க இங்கே ஒய்.எம்.சி.ஏ. கற்றுக்கொடுத்தது 1920களில். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்திய கிராம மறுசீரமைப்பு மையத்தின் வேலைகளில் ஒன்று. நூறு வருடத்தில் பாரம்பரியம் ஆகிவிட்டது. நல்லதுதான், எல்லாப் பாரம்பரியமும் ஒருநாள் யாரோ ஆரம்பித்ததுதானே. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கூடுகளைக் கொத்துக்கொத்தாக அழித்தது. பெட்டிகளை விறகாக எரித்தவர்கள் உண்டு. நோயில் தப்பின கூடுகளில் இருந்து பெருக்கி மறுபடி எழுப்பினார்கள்.

இப்போது சீசன். தேன் வருவது பூவில் இருந்து இல்லை, ரப்பரில் இருந்து. மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரில் மூன்று இலையும் சேருகிற காம்பில் தேன் துளிர்த்து நிற்கும், கண்ணால் பார்க்கலாம், நக்கியும் பார்க்கலாம். நான் நக்கினேன், இனிப்புதான். தோட்டம் முழுக்கப் பெட்டிகள், தாங்குகட்டையின் காலில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். தேனீக்காரர் ஒரு சட்டத்தை வெறும் கையால் தூக்கிக் காட்டினார். என்னை நான்கு அடி தள்ளி நிற்கச் சொன்னார்.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்கும் குறியீடு வந்தது. அவரிடம் ஒரு கிலோ வாங்கினேன். பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளில் ஊர்ப் பெயர் இருந்தது, குறியீட்டு முத்திரை இல்லை.

"அச்சடிக்கக் குடுக்கணும் சாரே," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா மக்களே, இங்க வாங்குதவங்க லேபிளைப் பாக்கமாட்டாவ. களியக்காவிளையில இருந்து ஸ்கூட்டர்ல வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வாங்குவாவ."